சிரிஞ்ச் பம்ப் எந்த அறையில்? புளூடூத் டேக் தவறான இடம் காட்டும்போது பார்க்க வேண்டியவை

இரவுப் பணியில் ஒரு செவிலியர், மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்பைத் தேடி மூன்று மாடி ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்குத் திரையில் தெரியும் ஒரு சிறு புள்ளியின் மதிப்பு தெரியும். அந்தப் புள்ளி தவறான மாடியைக் காட்டுவது, புள்ளியே இல்லாமல் இருப்பதைவிட மோசம். புள்ளி இல்லையென்றால் அவர் பக்கத்து அறையிலிருந்து தேடத் தொடங்குவார். தவறான புள்ளி அவரை எதிர்த்திசையில் ஓட வைக்கும். இரண்டு முறை அப்படி ஓடியவர் மூன்றாம் முறை திரையைப் பார்க்கவே மாட்டார்.

நான் பராமரிக்கும் ஏற்பாடு எளிமையானது. பம்புகள், சக்கர நாற்காலிகள், ஈசிஜி கருவிகள் ஆகியவற்றில் நாணய பேட்டரியில் ஓடும் புளூடூத் டேக்குகள். அறைகளில் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சில்லுப் பலகையால் ஆன ரிசீவர்கள். ஒவ்வொரு ரிசீவரும் தான் கேட்ட டேக்கின் பெயரையும் சிக்னல் வலிமையையும் வைஃபை வழியாகச் சர்வருக்கு அனுப்பும். எந்த அறை என்று சர்வர் முடிவு செய்யும். கிடங்கு, நூலகம், அருங்காட்சியகம் என எங்கே வைத்தாலும் அடிப்படை இதுதான். பழுதுகளும் ஏறக்குறைய இவைதான்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ரிசீவருக்குத் தூரம் தெரியாது. வந்து சேர்ந்த அலை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அலை மெலிவதற்குத் தூரம் ஒரு காரணம். சுவர், இரும்பு அலமாரி, மனித உடல், தீர்ந்துகொண்டிருக்கும் பேட்டரி ஆகியவையும் காரணங்கள். கீழே சொல்லும் எல்லாச் சோதனைகளும் இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்ப்பதற்கே. தேவைப்படுபவை: அருகிலுள்ள புளூடூத் சாதனங்களைப் பட்டியலிடும் என்ஆர்எஃப் கனெக்ட் செயலி உள்ள ஓர் ஆண்ட்ராய்டு போன், அளவு நாடா, ஒரு நோட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றியதை எழுதி வையுங்கள்.

டேக் எங்குமே தெரியவில்லை

ஆண்ட்ராய்டு போனை டேக்குக்கு ஓர் அடி தூரத்தில் வைத்துத் தேடுங்கள். இதற்கு ஐபோனை நம்ப வேண்டாம். ஆப்பிளின் ஐபீக்கன் வடிவில் ஒலிபரப்பும் டேக்கைப் பொதுவான புளூடூத் தேடலில் ஐபோன் செயலிகளுக்குக் காட்டாது. இருப்பிடச் சேவை வழியாக, அதன் யூயூஐடி என்ற அடையாள எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் தரும். இது தெரியாமல் நல்ல டேக்குகளைச் செத்தவை என்று ஒரு டப்பாவில் ஒதுக்கி வைத்திருந்தோம்.

ஆண்ட்ராய்டிலும் தெரியாவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். மல்டிமீட்டர் 2.9 வோல்ட் காட்டுகிறது என்று விட்டுவிடாதீர்கள். பழைய சிஆர்2032 சும்மா இருக்கும்போது நல்ல அளவையே காட்டும். டேக் ஒலிபரப்பும் அந்தக் கணத்தில் மட்டும் வோல்ட் சரிந்து சில்லு அணைந்துவிடும். குளிரூட்டிய மருந்து அறைகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

போனில் தெரிகிறது, ரிசீவரில் மட்டும் தெரியவில்லை என்றால் ரிசீவர் கேட்கும் நேரத்தைப் பாருங்கள். பலர் பயன்படுத்தும் ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் இயல்பான அமைப்பு, 320 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 30 மில்லிவிநாடி மட்டும் கேட்பது. அதாவது நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டேக் விநாடிக்கு ஒருமுறை கூப்பிட்டால், சராசரியாகப் பத்து விநாடிக்கு மேல் ஆனால்தான் ஒரு கூப்பாடு காதில் விழும். கேட்கும் நேரத்தைக் கூட்டுங்கள், ஆனால் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈஎஸ்பி32இல் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே ரேடியோதான். புளூடூத்துக்கே எல்லா நேரத்தையும் கொடுத்தால் வைஃபை அறுந்து அறுந்து சேரும். கேட்டதைச் சொல்ல வழியில்லாமல் போகும். பல இடங்களில் ரிசீவரை ஈதர்நெட் கம்பியில் இணைத்ததும் இந்த இழுபறி முடிந்துவிட்டது. கம்பி இழுக்க முடியுமானால் முதலிலேயே இழுத்துவிடுங்கள்.

டேக் ஒருமுறை தெரிந்தது, பிறகு எண் மாறவே இல்லை

ஸ்கேன் அமைப்பில் திரும்ப வரும் செய்திகளை வடிகட்டும் வசதி இயங்குகிறது. ஒவ்வொரு டேக்கையும் ஒருமுறை மட்டும் சொல்லிவிட்டு ரிசீவர் வாயை மூடிக்கொள்ளும். இணைப்புக்காகச் சாதனத்தைத் தேடும்போது அது நல்லது. இடம் கண்டுபிடிக்க உதவாது. அணைத்துவிடுங்கள். வலிமை 127 என்று வந்தால் அது அளவீடே இல்லை, அளவு கிடைக்கவில்லை என்பதற்கான அடையாளம். சராசரியில் சேர்த்துவிடாதீர்கள்.

அசையாமல் கிடக்கும் டேக், திரையில் 2 மீட்டருக்கும் 9 மீட்டருக்கும் இடையே குதிக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். இது முழுக்கப் பழுதும் அல்ல, அலையின் இயல்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும். நான்கைந்து விரற்கடை தள்ளினால் ஒன்றையொன்று அழிக்கும். டேக்கை உள்ளங்கை அகலம் நகர்த்திப் பாருங்கள், வலிமை 10 டெசிபெல் மாறுவதைக் கண்ணால் காண்பீர்கள்.

டேக்கை நகர்த்தாமலே குதிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. குறைந்த ஆற்றல் புளூடூத் ஒவ்வொரு கூப்பாட்டையும் மூன்று அலைவரிசைகளில் அனுப்புகிறது: 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ். எதிரொலிகள் கூடுவதும் அழிவதும் ஒவ்வொன்றிலும் வேறுவேறு. ரிசீவர் இப்போது ஒன்றைக் கேட்கும், அடுத்து இன்னொன்றைக் கேட்கும். எதைக் கேட்டது என்று பெரும்பாலான மென்பொருள்கள் சொல்வதில்லை. ஆகவே −62, −71, −64, −72 என்று (எண் பூஜ்யத்திலிருந்து கீழே போகப் போக அலை மெலிவு) வருவது ஒரே டேக்கின் மூன்று முகங்கள்.

தீர்வு, ஒற்றை அளவீட்டை நம்பாமல் இருப்பது. கடைசிப் பத்து அளவீடுகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுங்கள். சராசரி எடுத்தால் எப்போதோ வரும் ஒரு −95 மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும். நடு அளவு அதற்கு அசையாது. கால்மன் வடிகட்டி (முந்தைய கணிப்பையும் புதிய அளவீட்டையும் கலக்கும் கணக்கு) போட்டால் கோடு இன்னும் மென்மையாக வரும். ஆனால் மென்மையான கோடு சரியான கோடு ஆகிவிடாது. தவறான அளவீட்டை வடிகட்டினால் மெல்ல நகரும் தவறுதான் கிடைக்கும். வடிகட்டிகளை அடுக்குவதற்கு முன் ரிசீவரை இடம் மாற்றிப் பாருங்கள்: இரும்புக் கதவுச் சட்டத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, குழாய்களுக்கு விலகி, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே.

இங்கே என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன். திரையில் மீட்டர் காட்டுவதை நிறுத்திவிடுங்கள். அறையின் பெயரைக் காட்டுங்கள். பம்ப் 4.3 மீட்டரில் இருக்கிறது என்ற தகவலை வைத்துச் செவிலியர் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது "எட்டாம் அறை" என்ற சொல். இந்த அலைக்குச் சொல்லத் தெரிந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். 2017இல் இலண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் சுமார் 2,000 பீக்கன்கள் (டேக் போலவே ஒலிபரப்பும் சிறு கருவிகள்) வைத்தார்கள். அவ்வளவு அடர்த்தியாக வைத்தும் அவர்கள் சொன்ன துல்லியம் மூன்று மீட்டர் அளவில்தான்.

ஆள் நடுவில் நின்றால் டேக் தொலைவுக்குப் போய்விடுகிறது

நம் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். இந்த அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும். ஒருவர் குறுக்கே நின்றால் 10 டெசிபெல் குறைவது வெகு சாதாரணம். அலை தடையின்றிப் பரவும் கணக்கில் இது மூன்று மடங்குத் தூரத்துக்குச் சமம்: மூன்று மீட்டரில் இருக்கும் நாற்காலி ஒன்பதரை மீட்டருக்குப் போய்விடும். சக்கர நாற்காலியின் முதுகுப்புறம் டேக் ஒட்டியிருந்தோம். நோயாளி உட்கார்ந்ததும் முன்பக்க ரிசீவர்கள் அதைக் கேட்கவில்லை. கைப்பிடிக் குழாயின் மேல்முனைக்கு மாற்றியதும் சரியானது. சலைன் பாட்டில் தொங்கும் தாங்கியில் டேக்கைப் பாட்டிலுக்கு நெருக்கமாகக் கட்டினாலும் இதே கதைதான்.

இரும்புப் பரப்பில் நேரடியாக ஒட்டுவது இன்னும் கெடுதல். டேக்குக்குள் இருக்கும் சிறு ஆன்டெனா, பக்கத்தில் உலோகம் வந்ததும் தன் சுருதியை இழக்கிறது. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் அல்லது கெட்டி ரப்பர் துண்டை இடையில் வைத்து ஒட்டுங்கள். எங்களுக்கு மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தந்த மாற்றம் இதுவே.

பக்கத்து அறையைக் காட்டுகிறது, அல்லது மேல் மாடியைக் காட்டுகிறது

முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். பலகைத் தடுப்பு அலையை ஏறக்குறைய அப்படியே விடும். செங்கல் ஓரளவு தடுக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் நன்றாகத் தடுக்கும். எக்ஸ்ரே அறையின் ஈயத்தகடு அலையைத் திருப்பியே அனுப்பிவிடும்: உள்ளே இருக்கும் டேக் வெளியே கேட்காது, வெளியே இருக்கும் டேக்கின் எதிரொலி தாழ்வாரத்தின் மறுகோடி வரை கேட்கும். இரண்டு அறைகளுக்கு நடுவே வெறும் பலகைத் தடுப்பு இருக்கும்போது ஒரே ரிசீவரை வைத்து எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும்; அவையும் தடுப்பை ஒட்டி முதுகோடு முதுகாக இல்லாமல், அறைகளின் எதிரெதிர்ச் சுவர்களில் இருக்க வேண்டும்.

தாழ்வாரத்தை ஒரு குழாய் என்று நினையுங்கள். இருபுறச் சுவர்களுக்கிடையே அலை அடங்கி ஓடுவதால் திறந்த வெளியைவிடக் குறைவாகவே மெலியும். தாழ்வாரக் கூரையில் ரிசீவர் வைத்தால் இருபுறத்து அறைகளின் டேக்குகளையும் அதுவே பலமாகக் கேட்டு, எல்லாவற்றையும் "தாழ்வாரம்" என்று சொல்லும். எங்கள் முதல் வரைபடத்தில் இருந்த பெரிய தவறு அதுதான். மின் இணைப்பு அங்கே எளிதாகக் கிடைத்தது என்பதற்காக ரிசீவர்களை அங்கே வைத்தோம். அறைக்குள் கொண்டுபோன பிறகு பாதிப் புகார்கள் தாமாக நின்றன.

மாடி மாறித் தெரிந்தால் படிக்கட்டு, லிஃப்ட் குழி, குழாய்கள் போகும் திறப்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் எந்த ரிசீவர் இருக்கிறது என்று பாருங்கள். தளத்தின் கான்கிரீட் நல்ல தடைதான், ஆனால் திறப்பு வழியே அலை தாராளமாக ஏறும். அந்த ரிசீவரைத் தள்ளி வையுங்கள். மாடியை ஒரே ரிசீவரின் குரலைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு மாடியில் எத்தனை ரிசீவர்கள் அந்த டேக்கைக் கேட்டன என்று எண்ணுங்கள்: சரியான மாடியில் நான்கு கேட்கும்போது மேல் மாடியில் ஒன்றுதான் பலமாகக் கேட்டிருக்கும். முதலில் மாடி, பிறகு அறை என்ற வரிசையில் முடிவெடுத்தால் இந்தப் பிழை வெகுவாகக் குறையும்.

இரண்டு அறைகளுக்கு நடுவே புள்ளி ஆடிக்கொண்டே இருந்தால் வாசல்படி போல ஒரு தடுப்பு வையுங்கள். புதிய அறையின் சிக்னல் பழைய அறையைவிட 6 டெசிபெல் கூடுதலாக, தொடர்ந்து சில விநாடிகள் இருந்தால் மட்டும் மாற்றலாம் என்று. 6 என்பது வேதவாக்கு அல்ல. 4இல் தொடங்கி, ஆட்டம் நிற்கும் வரை கூட்டுங்கள்.

வேறு வழியும் உண்டு. தூரத்தைக் கணக்கிடாமல், ஒவ்வோர் இடத்திலும் எந்தெந்த ரிசீவர் எவ்வளவு கேட்கிறது என்பதைக் கைரேகை போல முன்கூட்டியே பதிந்து வைத்து ஒப்பிடுவது. 2000இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வைஃபையை வைத்து இதைச் செய்து காட்டி, இரண்டு மூன்று மீட்டருக்குள் இடம் சொன்னார்கள். சுவரும் இரும்பும் அதில் எதிரியாக இல்லாமல் அடையாளமாக மாறிவிடுகின்றன. ஆனால் வார்டில் ஓர் அலமாரியை இடம் மாற்றினால் பழைய பதிவு பொய்யாகும். வாரந்தோறும் கட்டில்கள் நகரும் இடத்தில் இதற்கு நான் துணிய மாட்டேன்.

எல்லாத் தூரமும் ஒரே விகிதத்தில் தவறு

சுவரைக் குறை சொல்ல வேண்டாம். ஒப்பீட்டு அளவு தவறாக இருக்கிறது. ஐபீக்கன் தன் செய்தியிலேயே, ஒரு மீட்டர் தூரத்தில் தன் வலிமை எவ்வளவு இருக்கும் என்ற எண்ணைச் சொல்கிறது. கூகுளின் எடிஸ்டோன் வடிவமும் அப்படி ஓர் எண் சொல்கிறது, ஆனால் அது பூஜ்ய மீட்டருக்கானது. இரண்டுக்கும் 41 டெசிபெல் வேறுபாடு. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் தூரம் நூறு மடங்குக்கு மேல் பிசகும். டேக்கின் ஒலிபரப்புத் திறனைக் குறைத்துவிட்டு இந்த எண்ணை மாற்ற மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. டேக்கை, அது ஒட்டப்படும் கருவியிலேயே ஒட்டி, ரிசீவரிலிருந்து சரியாக ஒரு மீட்டரில் நிறுத்தி, நூறு அளவீடுகள் எடுத்து, நடு அளவை எழுதுங்கள். போன்களை ரிசீவராகப் பயன்படுத்தினால் ஒவ்வொரு மாடலுக்கும் தனியாக அளக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு மாடல்கள் ஒரே எண்ணைக் காட்டுவது அரிது.

ஒரே டேக் இரண்டு தூரமான இடங்களுக்கு மாறி மாறித் தாவுகிறது

பெரும்பாலும் அது ஒரே டேக் அல்ல. மலிவான டேக்குகள் தொழிற்சாலையிலிருந்து ஒரே யூயூஐடி, அதன் கீழ் வரும் ஒரே மேஜர், ஒரே மைனர் துணை எண்ணோடு வருவதுண்டு. இரண்டு பம்புகள் ஒரே பெயரில் உலவுகின்றன. ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுங்கள். அதே எண்ணை டேக்கின் மேல் மையால் எழுதுங்கள்.

எண்கள் சரி என்றால் ரிசீவர்களின் கடிகாரங்களைப் பாருங்கள். ஒன்று அரை நிமிடம் முந்திப் போனால், சர்வர் அதன் பழைய செய்தியைப் புதியது என்று நம்பும். செய்தி சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையே கணக்கில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இதற்கு நேர்மாறாக, ஒரே போன் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை புதுச் சாதனமாகத் தெரிந்தால் அது பழுது அல்ல. தம்மைப் பின்தொடர முடியாதபடி போன்கள் முகவரியை மாற்றிக்கொள்கின்றன. அந்தப் பாதுகாப்பைச் சுற்றிப் போக வழி தேடாதீர்கள். ஊழியருக்கு இடம் காட்ட வேண்டுமென்றால் அவர் ஒப்புதலோடு தனி அட்டை கொடுங்கள்.

பம்ப் வந்து சேர்ந்த பிறகும் பழைய அறையையே காட்டுகிறது

விநாடிக்கு ஒரு கூப்பாடு, பத்து அளவீடுகளின் நடு அளவு, அதற்கு மேல் சில விநாடிக் காத்திருப்பு என்று கூட்டிப் பாருங்கள். வேகமாகத் தள்ளிச் செல்லும் நாற்காலி அதற்குள் பதினைந்து மீட்டர் போயிருக்கும். கூப்பாட்டு இடைவெளியை 300 மில்லிவிநாடி ஆக்கினால் வேகம் கூடும், பேட்டரி ஏறக்குறைய அதே விகிதத்தில் சீக்கிரம் தீரும். அசைவு உணரி உள்ள டேக் இருந்தால் இரண்டையும் பெறலாம்: நகரும்போது அடிக்கடி, நிற்கும்போது எப்போதாவது. லிஃப்டுக்குள் போன டேக் இரும்புப் பெட்டிக்குள் மறைந்துவிடும். அப்போது கடைசி அறையை மட்டும் காட்டாமல் "4 நிமிடத்துக்கு முன்" என்பதையும் காட்டுங்கள். அந்த ஒரு வரி வந்த பிறகு எங்கள் செவிலியர்கள் திரையைத் திட்டுவது குறைந்தது.

இரவில் சரி, பகலில் மோசம்

பகலில் ஆட்கள் கூடுதல், அதாவது நடமாடும் தண்ணீர் கூடுதல். அதோடு வைஃபை நெரிசலும். புளூடூத்தின் மூன்று கூப்பாட்டு அலைவரிசைகளும் வைஃபையின் 1, 6, 11 சேனல்களோடு அதிகம் மோதாதபடி தேர்ந்தெடுக்கப்பட்டவை. யாரோ ரவுட்டரை 3 அல்லது 4 என்று வைத்திருந்தால் நடுவில் உள்ள 2426 அடைபடும். மூன்று எண்களுக்குள் திருப்புங்கள், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பிரச்சினை என்றால் ஓய்வறையின் மைக்ரோவேவ் அடுப்பு. அதுவும் இதே 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. ராஸ்பெர்ரி பை பலகையை ரிசீவராக வைத்திருப்பவர்கள் யூஎஸ்பி 3 வட்டு ஏதும் பக்கத்தில் செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கம்பியின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் கசியும். புளூடூத் டாங்கிளை ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைத்தால் போதும்.

போன் செயலி எதையும் காட்டவில்லை, அல்லது திரை அணைந்ததும் நின்றுவிடுகிறது

ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை இருப்பிட அனுமதி வேண்டும். இருப்பிட வசதியும் இயங்க வேண்டும். 12 முதல் அருகிலுள்ள சாதனங்களுக்கான தனி அனுமதி வந்தது. அதில் "இருப்பிடத்துக்காக அல்ல" என்று செயலியில் அறிவித்துவிட்டால் சில பீக்கன்களை ஆண்ட்ராய்டே மறைத்துவிடும். செயலி எழுதுபவர்கள் நாள் கணக்கில் தவிப்பது இங்கேதான். 30 விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தேடலை நிறுத்தித் தொடங்கினால், பிழை எதுவும் சொல்லாமல் முடிவுகள் வருவது நின்றுவிடும். திரை அணைந்த பிறகும் தேட வேண்டுமென்றால் எந்த டேக் என்று வடிகட்டி கொடுத்தே தேட வேண்டும். ஐபோன் ஒரு செயலிக்கு 20 பகுதிகளை மட்டுமே கண்காணிக்க விடும்.

இவ்வளவும் பார்த்தாயிற்று, இன்னும் போதவில்லை

வலிமையை வைத்துச் செய்யக்கூடியது முடிந்துவிட்டது என்று பொருள். புளூடூத் 5.1 (2019) அலை வரும் கோணத்தை அளக்கிறது. அதற்குப் பல ஆன்டெனாக்கள் கொண்ட ரிசீவர் வேண்டும். 2024இல் வந்த புளூடூத் 6.0 தூரத்தையே அளக்கும் வசதியைச் சேர்த்திருக்கிறது. டேக், ரிசீவர் இரண்டுமே புதியவையாக இருக்க வேண்டும். யூடபிள்யூபி எனப்படும் மிக அகன்ற அலைவரிசை நுட்பம், அலை போய்வரும் நேரத்தை அளக்கிறது. ஒரு நானோவிநாடியில் அலை முப்பது சென்டிமீட்டர் ஓடிவிடும் என்பதால் மிக நுட்பமான கடிகாரம் அதற்குத் தேவை. விலையும் மின்செலவும் கூடும். எந்த அறை என்பது மட்டுமே கேள்வி என்றால் இவை எதுவும் இல்லாமல், புளூடூத்தோடு அகச்சிவப்பு ஒளியும் உமிழும் டேக்கை வாங்கலாம். கேம்பிரிட்ஜில் 1990 வாக்கில் ஆலிவெட்டி ஆய்வகத்தார் ஆக்டிவ் பேட்ஜ் என்று அகச்சிவப்பு ஒளியை மட்டும் வைத்துச் செய்ததும் இதே யோசனைதான். சுவரைத் தாண்டாது என்பது அந்த ஒளியின் குறை. பம்ப் எந்த அறையில் என்று கேட்கும்போது நமக்கு வேண்டியது அந்தக் குறைதான்.

எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரு டேக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லா அறைகளிலும் இரண்டிரண்டு நிமிடம் நில்லுங்கள். திரை சொன்னதையும் நீங்கள் நின்ற இடத்தையும் நோட்டில் எதிரெதிரே எழுதுங்கள். காலை பதினொரு மணிக்கு, பார்வையாளர்கள் நிறைந்திருக்கும் நேரத்தில் ஒருமுறை. இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை.